நுரையக்காவின் ஐந்து தகடுகள்

கண்ணாடி டம்ளரில் தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்கினால் டம்ளர் சுத்தம். எங்காவது ஒரு துளி முத்துப்போல ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த இடத்தில் பிசுக்கோ சோப்போ இருக்கிறது என்று பொருள்.

“இது தேறல.”

தேநீர்க் கடைக்காரர் அடுத்த டம்ளரை நீட்டுகிறார். அதுவும் தேறவில்லை. மூன்றாவதில்தான் தேநீர் ஊற்ற அனுமதி கிடைக்கிறது.

“அக்கா வந்தாலே எனக்குப் பரீட்சை வந்த மாதிரிதான்” என்கிறார் கடைக்காரர்.

“இருபது வருஷமா ஒரே வகுப்புல உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?”

அக்கம்பக்கத்துக் கடைகளில் இவரை நுரையக்கா என்றுதான் அழைக்கிறார்கள். வயது அறுபத்து மூன்று. குள்ளமான உருவம், முழங்கைவரை மடித்துவிட்ட ஆண்கள் சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். தம்பியோடு சேர்ந்து இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார். தம்பி வெல்டர், அக்கா வடிவமைப்பும் வண்ணமும். பூங்காக்களில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் யானை, பழக்கடை வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கும் தகரத் தர்ப்பூசணி, கண் மருத்துவமனையின் மேல் இமை திறந்து கிடக்கும் கண், எல்லாம் இவர்கள் கைவேலை. இப்போது ஆராய்ச்சி நிலையத்தின் புதிய கட்டடத்துக்கு முன்னால் பதினான்கு அடி உயரத்தில் நிற்கிற ஐந்து வளைந்த தகடுகளும் அவர்களுடையவைதான்.

“அக்கா அளந்து சொன்ன இடத்துல நான் ஒட்டணும்” என்கிறார் தம்பி. அவருக்கே ஐம்பத்தைந்து ஆகிறது. “ஒரு நூல் பிசகுனாலும் என்னையே வெட்டி ஒட்டிருவா.”

பட்டறையில் வண்ணக் கலவைக்கென்று ஒரு மூலை இருக்கிறது. டப்பாக்களைக் கலக்க நுரையக்கா வைத்திருப்பது ஒரு சாண் நீள மரக்குச்சி. முனை உருண்டு, நடுவில் தேய்ந்து, ஏறிய வண்ணங்கள் அடுக்கடுக்காகக் காய்ந்து குச்சி இருமடங்கு தடித்துவிட்டது. புதிதாக ஒரு கரண்டி வாங்கித் தருகிறேன் என்று தம்பி பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். அந்தக் குச்சி ஒரு காலத்தில் சுவரில் அறைந்த மரச்சட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கழுவிய கண்ணாடிக் குடுவைகளை அதில் கவிழ்த்து உலர வைப்பார்கள். அப்படி நூற்றுநாற்பது குச்சிகள் இருந்த சட்டத்தின் முன்னால் நுரையக்கா பதினான்கு வருடம் நின்றிருக்கிறார்.

புதிய ஆராய்ச்சிக் கட்டடம் நிற்கிற அதே இடத்தில் முன்பு பழைய கட்டடம் இருந்தது. அதன் அடித்தளத்தில் கழுவறை. ஐந்து பெண்கள் வேலை பார்த்தார்கள். மாடிகளிலிருந்து தட்டுத் தட்டாக இறங்கி வரும் பீக்கர்களையும் குடுவைகளையும் சோதனைக் குழாய்களையும் கழுவுவது வேலை. சோப்பு நீரில் ஒரு முறை, குழாய் நீரில் ஆறு முறை, காய்ச்சி வடித்த நீரில் கடைசியாக ஒரு முறை. நீராவியில் சுவர் வியர்க்கும். கல்தொட்டியின் விளிம்பு அடிவயிற்றில் பட்டுப் பட்டு எல்லார் சட்டையிலும் அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். ஒரே ஒரு ஜன்னல்; அதைத் திறந்தால் மூன்றடி தூரத்தில் மதில் சுவர்.

“சுவத்துல ஒரு விரிசல் இருந்துச்சு. பதினாலு வருஷத்துல அது எப்படி வளந்துச்சுன்னு கேளுங்க, வரைஞ்சே காட்டுவேன். வேற என்ன பாக்க இருந்துச்சு?”

ஆனால் பார்க்க வேறொன்றும் இருந்தது. கலங்களின் அடியில் தங்கியிருக்கும் மிச்சம். மயில்துத்தத்தின் நீலம். பெர்மாங்கனேட்டின் ஊதா. நிக்கல் உப்பின் பச்சை. டைகுரோமேட்டின் ஆரஞ்சு. தட்டு இறங்கியதும் யாருக்கு எது என்று சண்டை தொடங்கும். கடைசியில் ஆளுக்கொரு நிறமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஊதாவை எடுத்துக்கொண்டவளுக்குக் குரல் பெரிது, பாட்டும் அவள்தான். நீலத்துக்காரி வாரம் ஒரு புது நகைச்சுவை கொண்டுவருவாள், அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளே சிரித்துவிடுவதால் முடிவு யாருக்கும் தெரிந்ததில்லை. பச்சைக்காரிக்கு வாய் பேச வராது. கையால் எல்லாரையும் கேலி செய்வாள். ஆரஞ்சு, மூத்தவரான பெரியக்காவுக்கு. இதையெல்லாம் சொல்லும்போது நுரையக்காவின் கை தானாகச் சுழல்கிறது, இல்லாத ஒரு குடுவைக்குள் இல்லாத ஒரு தூரிகையை விட்டுத் தேய்ப்பதுபோல.

பெரியக்காவின் கையைப் பற்றிக் கேட்டால் அந்தச் சுழற்சி நின்றுவிடும். டைகுரோமேட் தோலை அரிக்கும். மாடியில் அந்தக் கரைசலைத் தொட்ட ஆராய்ச்சியாளர்களுக்கு ரப்பர் கையுறை தரப்பட்டது. அதன் மிச்சத்தைத் தினமும் எட்டு மணி நேரம் கழுவியவர்களுக்குத் தரப்படவில்லை. மேலே அது இரசாயனம், கீழே அது அழுக்கு. அழுக்குக்கு எதற்குக் கையுறை என்று நிர்வாகம் எண்ணியிருக்க வேண்டும். பெரியக்காவின் விரல் இடுக்குகளில் சின்னச் சின்னக் குழிகளாகப் புண் விழுந்தது. ஒன்பது மனுக்கள் எழுதிய பிறகு கையுறை வந்தது, ஐந்து பேருக்கு இரண்டு ஜோடி. அந்த நிலையத்தின் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், கடைசிப் பக்கத்தில் கருவியை இரவல் தந்த நிறுவனத்துக்கு நன்றி இருக்கும், தட்டச்சு செய்தவருக்கு நன்றி இருக்கும். கலம் அழுக்காக இருந்தால் கட்டுரை முழுவதும் பொய்யாகிவிடும். ஆனால் கழுவியவர் பெயர் ஒரு கட்டுரையிலும் கிடையாது.

பெயர் என்றதும் அவருடைய பெயரின் கதைக்கு வர வேண்டும். மாடியில் ஓர் இளம் ஆராய்ச்சியாளர் மூன்று வாரமாக ஒரு கரைசலில் புதுவிதமான நுரையைக் கண்டு, தூக்கமில்லாமல் திரிந்தார். கடைசியில் பார்த்தால் அது சோப்பு. நேரே கழுவறைக்கு வந்து எல்லார் முன்னாலும், “யாரு கழுவுனது இது?” என்று கத்தினார். அந்தத் தட்டைக் கழுவியவர் இவர். மறுநாள் காலையில் இவர் பத்து பீக்கர்களோடு மாடி ஏறினார். ஐந்து, தான் கழுவியவை. ஐந்து, அவசரத்துக்கு அவரே தன் அறைக் குழாயில் கழுவி வைத்திருந்தவை. பத்திலும் வடித்த நீரை ஊற்றிக் குலுக்கினார். அவருடைய ஐந்திலும் நுரை பொங்கியது. இவருடைய ஐந்தும் அசையாமல் கிடந்தன.

“அவர் என்ன சொன்னார்?”

“ம்ம்னு சொன்னாரு. கதவச் சாத்திக்கிட்டாரு. ஆனா அன்னையிலேருந்து மாடியில எல்லாரும் என்ன நுரைன்னுதான் கூப்பிட்டாங்க. குத்தம் அவரோடது, பேரு என்னோடது.”

அந்தப் பெயரை அவர் உதறவில்லை. மாலை நேர ஓவிய வகுப்பில் சேர்ந்தபோதும், வேலையை விட்டுத் தம்பியோடு பட்டறை போட்டபோதும், செய்த ஒவ்வொரு பொருளின் அடியிலும் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சின்ன வட்டம் போட்டார். சோப்புக் குமிழி. பூங்கா யானையின் உள்ளங்காலில்கூட அது இருக்கிறது.

பழைய கட்டடத்தை இடித்த அன்று ஐவரில் மூவர் வந்து மதிலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பெரியக்கா அதற்குள் இறந்திருந்தார். பச்சைக்காரி மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். கழுவறைச் சுவர் விழுந்தபோது மரச்சட்டம் வெளியே தெரிந்தது. நுரையக்கா இடிப்பவர்களிடம் கேட்டு ஒரு குச்சியை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

சில ஆண்டுகளில் அங்கே புதிய கட்டடம் எழுந்தது. சாம்பல் நிறக் கான்கிரீட், வரிசை வரிசையாகச் செங்குத்து வெயில் தடுப்புகள், நடுவில் கண்ணாடி. வாசலுக்கு வண்ணச் சிற்பம் ஒன்று வேண்டும் என்று நிலையம் அறிவித்தது. இருபத்து மூன்று பேர் மாதிரிகளை அனுப்பினார்கள். “ஏணி மாதிரி முறுக்குனது பதினொண்ணு. அணு ஒன்பது. கை நீட்டி உலகத்தத் தாங்குறது ரெண்டு. மிச்சம் நான்” என்று கணக்குச் சொல்கிறார்.

அவர் முதலில் செய்தது கட்டடத்தைப் பார்ப்பது. பதினோரு நாள், காலை ஏழிலிருந்து மாலைவரை எதிர் நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கட்டடக் கலைஞர் ஒரு நாள் வந்து விசாரித்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இவர் அவருக்கு வைத்த பெயர் வரைபடத் தம்பி. தன் சாம்பல் சுவருக்கு முன்னால் யாரோ கண்ணைப் பறிக்கிற வண்ணத்தை அள்ளி அப்பிவிடப் போகிறார்கள் என்ற கவலை அவருக்கு.

“பயப்படாதீங்க தம்பி. உங்க கட்டடம் உம்முனு இருக்கிற ஆளு. பக்கத்துல வாயாடி ஒருத்திய உக்கார வச்சா ரெண்டு பேருமே அழகாத் தெரிவாங்க. ஆனா வாயாடி அவரு மூஞ்சிய மறைக்கக் கூடாது, அதானே?”

“அதான், அதேதான்!”

“அடித்தளத்துல கழுவுற எடம் எங்க வச்சிருக்கீங்க?”

அவர் காட்டினார். தரைமட்டத்தில், கட்டடத்துக் கதவுக்குப் பக்கத்திலேயே, இரண்டடி உயரத்துக்கு நீண்ட ஒரு ஜன்னல். உள்ளே வெள்ளை ஓடு பதித்த கழுவறை. நுரையக்கா அனுமதி வாங்கி உள்ளே இறங்கினார். அங்கே இப்போது ஒரே ஒரு பெண், நாற்பது வயதுக்காரி. இயந்திரம் பாதி வேலையைச் செய்கிறது, மீதியை அவள் செய்கிறாள்.

“யாரும்மா நீங்க? என்னத்த அளக்குறீங்க?”

“உன் கண்ண. அசையாம நில்லு.”

“கண்ணாடி போடவா?”

“இல்லம்மா. கழுவும்போது தல தூக்கினா கண்ணு எந்த உசரத்துல இருக்குன்னு பாக்குறேன். நாலடி ஏழங்குலம். இங்கேருந்து என்ன தெரியுது?”

“என்ன தெரியும்? மண்ணு தெரியும். யாராவது நடந்து போனா செருப்பு தெரியும்.”

அந்த நாலடி ஏழங்குலத்திலிருந்துதான் சிற்பம் பிறந்தது. ஐந்து தகடுகள், ஒவ்வொன்றும் பாதி மூடிய உள்ளங்கைபோல வளைந்தது. குழிந்த பக்கத்தில் வண்ணம். அது கட்டடத்தைப் பார்க்கும். முதுகுப் பக்கம் கட்டடத்தின் சாம்பல். அது தெருப்பக்க வாசலைப் பார்க்கும், விளிம்பில் மட்டும் விரல் அகலத்துக்கு நிறம் கசியும். தடுப்புகளின் இடைவெளி எவ்வளவோ அதே இடைவெளியில் தகடுகள் நிற்கும், ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்ந்து. காலை வெயில் பக்கவாட்டிலிருந்து வந்து வண்ணத்தில் பட்டு, சாம்பல் சுவரின் மேலும் கீழ் ஜன்னலுக்குள்ளும் தெறிக்கும். ஊதா, நீலம், பச்சை. எல்லாவற்றிலும் உயரமானது ஆரஞ்சு. ஐந்தாவது வெறும் வெள்ளை. அது ஏன் என்று கேட்டால், “நுரைக்கு வேற என்ன நெறம்?” என்கிறார்.

தேர்வுக் குழுவில்தான் அந்த வேடிக்கை நடந்தது. மாதிரியை மருந்து அட்டைப் பெட்டிகளை வெட்டிச் செய்திருந்தார். கட்டடத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறச் செருப்புப் பெட்டி ஒன்றை நிறுத்தினார். மேசையில் செருப்புப் பெட்டி இருந்த பக்கமாகக் குழு உட்கார்ந்தது. மாதிரியைக் கொண்டுவந்த பெட்டி போலும் என்று நினைத்து, நிலையத்தின் இயக்குநர் அதைப் படுக்கவைத்து அதன் மேல் கோப்புகளை அடுக்கினார். கோப்புகளுக்கு மேல் தேநீர்க் கோப்பைகள் வந்தன. எதிரில் ஐந்து வண்ணங்களும் குழுவைப் பார்த்து ஒளிர்ந்தன. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. வரைபடத் தம்பிக்கு மட்டும் விஷயம் தெரியும். வாசலிலிருந்து பார்த்தால் தன் சாம்பல் கோடுகள் கெடாது என்ற மகிழ்ச்சியில் அவர் வாய் திறக்கவில்லை.

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே?”

“கட்டடத்து மேல டீ வச்சிருக்கீங்க, எடுங்கன்னு சொல்லியிருக்கலாம்தான்.” நுரையக்கா டம்ளரைச் சுழற்றுகிறார். “சொல்லல.”

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் தகடுகளைச் சுற்றியிருந்த துணியை அகற்றினார்கள். இயக்குநர் வாசலில் காரிலிருந்து இறங்கினார். அதே நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர், கண்டிப்பானவர், ஆனால் கேட்காமல் தீர்ப்புச் சொல்பவர் அல்லர்.

“என்ன இது? வர்றவங்களுக்கெல்லாம் முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது?”

“நீங்க புடிச்சிருக்குன்னு சொன்னது கட்டடத்துப் பக்கத்துலேருந்து பாத்து, மேடம். அந்தச் செருப்புப் பெட்டிதான் கட்டடம்.”

இயக்குநர் விளிம்பில் கசிந்த நிறத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, “சரி, என் தப்புன்னே வச்சுக்குங்க. விருந்தாளிங்க இந்த வழியாத்தான் வருவாங்க. நாளன்னைக்குக் கிரேன் வரச் சொல்றேன், திருப்பி வச்சிருங்க” என்றார்.

“பழைய கட்டடத்துல எங்களுக்கு இந்த வாசலே கெடையாது மேடம். பின்னால சிலிண்டர் வைக்கிற சந்து வழியாத்தான் வருவோம்.”

“அது பழைய கட்டடம்.”

“ஆமா. இதுலயும் அதே சந்துதான், டைல்ஸ் போட்டிருக்கு.”

தம்பி பின்னாலிருந்து அக்காவின் சட்டையை இழுத்தார். ஆறு மாத வேலை. திருப்பினால் சாய்மானம் கெட்டுவிடும், ஒரு தகட்டிலும் வெயில் பிடிக்காது. நுரையக்கா சட்டையை விடுவித்துக்கொண்டார்.

“நீங்க ஆராய்ச்சிக்காரங்க. ஒரு சோதனை செஞ்சு பாத்துட்டு முடிவெடுங்க. நாளைக்குக் காலையில எட்டு மணி. வாசல்ல அஞ்சு நிமிஷம் நில்லுங்க, அப்புறம் கீழ கழுவுற எடத்துல அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறமும் திருப்புன்னு சொன்னீங்கன்னா என் தம்பியே போல்ட்டக் கழட்டுவான்.”

மறுநாள் எட்டு மணிக்கு வானம் முழுவதும் மேகம். இயக்குநர் வாசலில் ஐந்து நிமிடம் நின்றார். பிறகு படியிறங்கினார். முப்பத்தோரு வருடத்தில் கழுவறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை என்பது, எந்தக் கதவு என்று அவர் தடுமாறியதில் தெரிந்தது. உள்ளே கழுவும் பெண் எழுந்து நின்றாள். நுரையக்கா அவளை வேலையைப் பார்க்கச் சொன்னார். ஜன்னலில் வண்ணங்கள் மங்கலாக, ஈரத் துணிபோலத் தெரிந்தன. ஐந்து நிமிடம் ஆயிற்று.

“மேகத்துக்கு நான் பொறுப்பில்ல. ஆனா சோதனைன்னா சோதனைதான்” என்றார் நுரையக்கா. “தம்பிகிட்ட சொல்லிர்றேன்.”

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரே தடவ பாத்துட்டு முடிவு எழுதினா என் மாணவங்கள நான் திட்டுவேன். இன்னும் கொஞ்சம் இருப்போம்.”

எட்டு பத்தொன்பதுக்கு வெயில் வந்தது. முதலில் வெளியே வெள்ளைத் தகடு பளீரென்றது. பிறகு எதிர்ச்சுவரின் ஓடுகளில் வெளிறிய ஆரஞ்சு ஒன்று ஏறியது, அதற்குப் பக்கத்தில் ஊதா, கழுவித் தொட்டிக்கருகில் கவிழ்த்திருந்த குடுவைகளின் தோளில் நீலமும் பச்சையும். அது பெரிய வாணவேடிக்கை ஒன்றுமில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் எவ்வளவு நிறம் வருமோ அவ்வளவுதான். இயக்குநர் அதைக் கிட்டத்தில் பார்க்க ஜன்னலருகே போனார். ஓடுகளின் மேல் அவருடைய நிழல் விழுந்தது.

கழுவும் பெண் ஒரு குடுவையை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். இயக்குநர் தள்ளி நின்றார். சுவரோடு சுவராக, தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்த குறுகிய இடத்தில், அவள் அந்தத் தட்டை முடிக்கும்வரை நின்றார். பிறகு மாடிக்குப் போய்க் கிரேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விழாவுக்கு வருகிறவர்களைக் கட்டடத்தைச் சுற்றி அழைத்துவரச் சொல்லி இன்னொரு உத்தரவும் போட்டார்.

விழா அன்று வாசலில் பந்தலும் நாற்காலிகளும். முதல் வரிசையில் அக்காவுக்கும் தம்பிக்கும் இரண்டு இருக்கைகள். ஒன்றில் தம்பி சலவைச் சட்டையில் விறைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை காலி. ஒலிபெருக்கியில் பேச்சு தொடங்கிவிட்டது. கலைஞரை மேடைக்கு அழைத்தார்கள். தம்பி எழுந்து நாலா பக்கமும் பார்த்தார்.

தகடுகளுக்கும் கட்டடத்துக்கும் நடுவில், கீழ் ஜன்னலுக்கு முன்னால், நுரையக்கா மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. கட்டட வேலையின் சிமெண்ட் தூசி படிந்திருந்த கண்ணாடியைச் சட்டைக்கையால் தேய்த்துவிட்டு, குவளையில் தண்ணீர் மொண்டு மேலிருந்து ஊற்றினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஓர் ஓரத்தில் நான்கைந்து துளிகள் முத்தாக நின்றன. இரண்டாவது முறையாக அவரை அழைத்தார்கள். அவர் மறுபடியும் குவளையை வாளிக்குள் விட்டார்.